குழந்தைக்குக் காதுவலி: ஆன்டிபயாடிக் இன்றைக்கேவா, இரண்டு நாள் பொறுத்தா?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் சளி இல்லாத வீடு இருக்காது. அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் தெருவே இருமும். அந்தச் சளி பிடித்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பெரும்பாலும் ராத்திரியில், குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழும். படுக்க வைத்தால் அழுகை கூடும், தூக்கித் தோளில் போட்டால் கொஞ்சம் அடங்கும். கடைசி பஸ் போயிருக்கும். கடைத்தெருவில் மெடிக்கல் மட்டும் திறந்திருக்கும்.

அப்பாயி எண்ணெய் காய்ச்ச அடுப்படிக்குப் போவார். பக்கத்து வீட்டு அக்கா, போன மாதம் தன் பையனுக்கு வாங்கிய சிரப்பில் பாதி மிச்சம் இருப்பதாகச் சொல்வார். வீட்டுக்காரர் மெடிக்கலுக்கு வண்டியை எடுப்பார். எல்லாருக்கும் குழந்தை மேல் இருக்கும் பாசம்தான். ஆனால் அழுகிற பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு எது சரி என்று நிதானமாக யோசிக்க முடியாது. பிள்ளை நன்றாக ஓடி விளையாடும் நாளிலேயே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் டாக்டர் இல்லை. நீடாமங்கலம் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அம்மா. டாக்டர்களிடமும் நர்ஸம்மாவிடமும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை வைத்து, நம் முன்னால் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், எந்தக் காதுவலி?

எல்லாக் காதுவலியும் ஒன்றில்லை. மழைக்காலத்துச் சளியோடு வருவது பெரும்பாலும் நடுக்காதுத் தொற்று, அதாவது செவிப்பறைக்குப் பின்னால் வருவது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகச் சரிந்து இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். சளியில் அது வீங்கி அடைத்துக்கொண்டால் நடுக்காதில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழாகி, செவிப்பறையை உள்ளேயிருந்து வெளியே தள்ளும். அந்த அழுத்தம்தான் வலி.

இன்னொன்று ஆற்றுக் காது. வழக்கமாக ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு என்று வந்துவிட்டால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் படித்துறையிலிருந்து குதித்துக் குதித்து விளையாடுவார்கள். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் காதுவலி என்று வரும் பெரிய பிள்ளைக்குச் சளியே இருக்காது. காது ஓட்டைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலை லேசாக அழுத்தினாலோ, காதைப் பிடித்து இழுத்தாலோ துடித்துப்போவான். இது செவிப்பறைக்கு வெளியே, காதுத் துவாரத்தின் தோலில் வந்த தொற்று. இதற்கு டாக்டர் பார்த்துத் தரும் சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும். வாய்வழி ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தேவைப்படாது. காது ஈரமாகவே கிடந்தால் பூஞ்சையும் வரும், அதற்கு ஆன்டிபயாடிக் எந்த வகையிலும் உதவாது.

கடைவாய்ப் பல் சொத்தை, தொண்டைச் சதை வீக்கம் இவற்றின் வலியும் காதில் தெரியும். கைக்குழந்தை காதைத் தடவிக்கொண்டே இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பல் முளைக்கும்போதும் தூக்கம் வரும்போதும் கூட அப்படிச் செய்யும்.

இனிப் பேசுவது நடுக்காதுத் தொற்றைப் பற்றி.

எண்ணெய்

பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய், சில வீடுகளில் தாய்ப்பால். எண்ணெய் போய்ச் சேருவது செவிப்பறைக்கு இந்தப் பக்கம், சீழ் இருப்பது அந்தப் பக்கம். செவிப்பறை முழுசாக இருந்தால் எண்ணெய் உள்ளே போகவே போகாது. செவிப்பறை கிழிந்திருந்தால், போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். கிழிந்திருக்கிறதா இல்லையா என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. சூடு தவறினால் பிஞ்சுத் தோல் வெந்துபோகும். இன்னொரு தொல்லை: எண்ணெய் விட்ட காதுக்குள் மறுநாள் டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால், செவிப்பறை சரியாகத் தெரியாது. முடிவு எடுக்க வேண்டிய ஒரே சாட்சியை நாமே மறைத்துவிட்டோம் என்று ஆகும்.

அப்பாயியிடம் சண்டை போட வேண்டியதில்லை. துணியை மடித்துத் தோசைக்கல்லில் வெதுவெதுப்பாக்கி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் காதுக்கு வெளியே ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அது பிள்ளைக்கு இதமாக இருக்கும், அவருக்கும் பேரப்பிள்ளைக்குச் செய்த திருப்தி இருக்கும். குளிப்பாட்டிய பிறகு காதில் வாய் வைத்து ஊதும் பழக்கத்தையும் அப்படியே மெதுவாக விடச் சொல்லலாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்குவது

"அண்ணே, புள்ளைக்குக் காதுவலி, ஏதாவது குடுங்கண்ணே" என்று நின்றால் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கும் மனசு வராது. பெரும்பாலும் மூன்று நாளில் முடிந்துவிடும் அசித்ரோமைசின், இல்லையென்றால் செஃபிக்ஸிம். இவை கைக்கு வசதி, ருசியும் பரவாயில்லை. ஆனால் நடுக்காதுத் தொற்றுக்கு உலகம் முழுக்க முதலில் சொல்லப்படுவது பழைய அமாக்ஸிசிலின்தான். நடுக்காதில் அடிக்கடி காணப்படும் நிமோகாக்கஸ் கிருமி அசித்ரோமைசினுக்குப் பல இடங்களில் பணிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளைப் பிரித்து வைத்திருக்கும் பட்டியலில் அமாக்ஸிசிலின் முதலில் எடுக்க வேண்டிய வரிசையிலும், அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் கவனமாகக் கையாள வேண்டிய வரிசையிலும் இருக்கின்றன. செஃபிக்ஸிம் நம் நாட்டில் எச்1 பட்டியல் மருந்து. 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டைப் பார்த்து, வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதித்தான் அதை விற்க வேண்டும் என்பது சட்டம். அமாக்ஸிசிலினும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது சொட்டு மருந்து. காதுக்கு என்று கடையில் கிடைக்கும் சொட்டுகளில் மெழுகைக் கரைப்பது உண்டு, நியோமைசின், ஜென்டாமைசின் கலந்தது உண்டு. செவிப்பறை கிழிந்த காதில் இந்த இரண்டு வகையும் விடக்கூடாதவை. பின்னதில் கேட்கும் நரம்புக்கே சேதம் வரலாம். காதுக்குள் பார்க்காமல் சொட்டு வாங்காதீர்கள்.

பக்கத்து வீட்டு மிச்ச சிரப் இன்னும் மோசம். தூளில் தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரம்தான் தாங்கும். போன மாதத்துப் பாட்டிலில் இருப்பது மருந்தே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய், கடை மருந்து, மிச்ச சிரப் இந்த மூன்றையும் நான் ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுகிறேன். மிச்சம் இருப்பது மூன்று வழி: டாக்டர் பார்த்ததும் ஆன்டிபயாடிக் தொடங்குவது, டாக்டர் பார்த்த பிறகு தொடங்காமல் இரண்டு, மூன்று நாள் கவனிப்பது, சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கவனிப்பது.

எந்த வழியானாலும் முதல் மணி நேரத்தில் வலி மருந்து

"ஆன்டிபயாடிக் குடுத்தாச்சு, இனி வலி போயிடும்" என்று நினைக்கிறோம். போகாது. முதல் 24 மணி நேரத்தில் வலியைக் குறைப்பதில் ஆன்டிபயாடிக்குக்குப் பங்கே இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த ராத்திரியைக் கடத்துவது பாரசிட்டமால்தான். எடை ஒரு கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் இதையும் கொடுக்கக் கூடாது.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பெயரில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் வரும், 250 மி.கி. உள்ளதும் வரும். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. தேவை. முதல் பாட்டிலில் அது 6 மி.லி.க்குக் கொஞ்சம் மேலே, இரண்டாவதில் வெறும் 3 மி.லி. கைக்குழந்தைக்கான சொட்டு பாட்டிலிலோ ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், சிரப் என்று நினைத்து 5 மி.லி. மூடி நிறைய ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். பழைய பாட்டிலின் அளவு மூடியைப் புதுப் பாட்டிலுக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். டாக்டரோ நர்ஸம்மாவோ சொல்லும் மி.லி. அளவைப் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

ஐபுப்ரோஃபெனும் நன்றாகக் கேட்கும். ஆனால் மழைக்காலத்தில் நம் ஊரில் டெங்கு இருக்கிறது. காய்ச்சலுக்கு டெங்கு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் வரை ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் இரண்டும் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும். மூக்கடைப்புக்குத் தரும் சளி சிரப் காதுத் தொற்றைக் குணப்படுத்துவதில்லை. அவற்றில் பலதில் பாரசிட்டமாலும் கலந்திருக்கும், தெரியாமல் இரட்டை அளவு போய்விடும். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது.

உடனே தொடங்குவதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது

நடுக்காதுத் தொற்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே ஆறும். ஆன்டிபயாடிக் கொடுத்த பிள்ளைகளையும் வெறும் இனிப்புச் சிரப் கொடுத்த பிள்ளைகளையும் ஒப்பிட்ட சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2015-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வில், எதைக் கொடுத்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் 60 சதவீதப் பிள்ளைகளுக்கு வலி விட்டிருந்தது. இரண்டு, மூன்று நாளில் ஆன்டிபயாடிக்கின் பலன் தெரிய ஆரம்பிக்கிறது, ஆனால் 20 பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அதில் ஒரு பிள்ளைக்குத்தான் கூடுதலாக வலி விடுகிறது. அதே நேரம் 14 பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு அதனாலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு என்று ஏதாவது வருகிறது. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை. நம் ஊருக்கு எடுக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இல்லை என்பதுதான் முக்கியம். இரண்டு வயதுக்குக் கீழே இரண்டு காதிலும் தொற்று இருந்தால், அல்லது எந்த வயதிலும் காதிலிருந்து சீழ் வடிந்தால், ஆன்டிபயாடிக்கின் பலன் நன்றாகக் கூடுகிறது. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி 2013-ல் கோடு போட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வலி கடுமையாக இருந்தால், அல்லது இரண்டு நாளாக விடாமல் இருந்தால், அல்லது காய்ச்சல் 102.2 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே தொடங்க வேண்டும். சீழ் வடிந்தாலும் உடனே. 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் இரண்டு காதும் என்றால், மற்றபடி லேசாக இருந்தாலும் உடனே. அந்த வயதில் ஒரு காது மட்டும், லேசான வலி என்றால் பொறுக்கலாம். 2 வயதுக்கு மேல் லேசாக இருந்தால், இரண்டு காதாக இருந்தாலும் பொறுக்கலாம். ஆறு மாதத்துக்குக் கீழே பொறுப்பது என்ற பேச்சே இல்லை.

"பொறுக்கலாம்" என்றால் சும்மா இருப்பது இல்லை. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குறையவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே கூடினால், மறுபடி போய் மருந்து தொடங்க வேண்டும்.

இதெல்லாம் காதுக்குள் பார்த்த பிறகு. கருவி வைத்துப் பார்க்கும் டாக்டரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "செவிப்பறை வெளியே பிதுங்கியிருக்கா, வெறும் சிவப்பா சார்?" வீறிட்டு அழும் பிள்ளைக்குச் செவிப்பறை தானாகவே சிவக்கும். சீழ் கட்டியதற்கு அடையாளம் பிதுக்கம். வெறும் சிவப்புக்கு ஆன்டிபயாடிக் வாங்கி வருகிறோம் என்றால் அது பெரும்பாலும் சளிக்கு வாங்கியதுதான். சளிக்கு அது கேட்காது.

நர்ஸம்மா ஒன்று சொல்கிறார், டவுன் டாக்டர் ஒன்று சொல்கிறார்

பல அம்மாக்கள் குழம்புவது இங்கேதான். கிராம சுகாதார செவிலியர்கள் படிக்கும் ஐ.எம்.என்.சி.ஐ. (குழந்தை நோய்களைக் கவனிப்பதற்கான அரசு வழிகாட்டி) முறையில், காதுவலி என்று சொன்னாலோ, 14 நாளுக்கு உட்பட்ட சீழ் என்றாலோ ஐந்து நாள் ஆன்டிபயாடிக், பாரசிட்டமால், சீழ் இருந்தால் துணித்திரி, ஐந்தாம் நாள் மறுபடி பார்ப்பது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உள்ள குழந்தை மருத்துவர் அதே பிள்ளையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி. செவிலியரிடம் காதுக்குள் பார்க்கும் கருவி இல்லை. அந்த முறையே, டாக்டர் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு பிள்ளையும் தவறிப்போகக் கூடாது என்று வகுத்தது. கவனிக்காமல் விட்ட காதுச் சீழ் மாதக்கணக்கில் வடிந்து, கேட்கும் திறன் குறைந்து, பிள்ளை வகுப்பில் பின்தங்குவது நம் கிராமங்களுக்குப் புதிதில்லை. டாக்டரோ செவிப்பறையைக் கண்ணால் பார்த்திருக்கிறார், நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று நம்புகிறார். ஆக, பொறுத்துப் பார்ப்பதற்கு இரண்டு விஷயம் கைவசம் இருக்க வேண்டும்: காதுக்குள் பார்த்த ஒருவர், திரும்பப் போக ஒரு வழி.

இதனால் ஒரே வலிக்கு ஊருக்கு ஊர் முடிவு மாறலாம். தஞ்சாவூர் டவுனில், ஆட்டோ பிடித்தால் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போய்விடும் தூரத்தில் இருப்பவர் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தைரியமாகப் பொறுக்கலாம். கோடியக்கரைப் பக்கம், கார்த்திகை மாதம், புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதே மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்றே தொடங்கச் சொல்லிக் கேட்பது நியாயம். 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்த பிறகு எத்தனை நாள் சாலையும் கரண்டும் இல்லாமல் இருந்தோம் என்பதை வேதாரண்யத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டைக் கையில் வைத்துக்கொள்வது

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது மன்னார்குடியில் ஒரு டாக்டரிடம் போனோம். ஒரு காதில் மட்டும் பிதுக்கம், காய்ச்சல் நூறுக்குப் பக்கம், வலி மருந்து கொடுத்தால் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் சீட்டில் இரண்டு மருந்து எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார். "கோட்டுக்கு மேல இருக்கறதை இப்பவே வாங்கிக்கங்கம்மா. கீழ இருக்கறதை இன்னைக்கு வாங்க வேணாம். நாளன்னைக்குக் காலையிலயும் வலி இருந்தா, இல்ல நடுவுல காய்ச்சல் ஏறினா, சீழ் வந்தா, வாங்கிக் குடுக்க ஆரம்பிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க." கோட்டுக்குக் கீழே இருந்த மருந்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் அந்த முடிவு சரியாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் எப்போது, எதைப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தின் அரசு வழிகாட்டு நெறியிலும் இந்த முறை இருக்கிறது. நம் டெல்டாவுக்கு மூன்றில் இதுதான் பொருந்துகிறது என்பது என் கருத்து. மறுபடி பஸ் ஏறி டவுனுக்குப் போய், டோக்கன் வாங்கி, நாற்று நடும் சமயத்தில் ஒரு நாள் கூலியை விட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. "பொறுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பயத்தில் ராத்திரி மெடிக்கலுக்குத்தான் ஓடுவோம். சீட்டு கையில் இருந்தால் அந்தப் பயம் அடங்குகிறது. ஒரு டாக்டர் இதைத் தானாகச் சொல்லாவிட்டால் கேட்கலாம்: "ரெண்டு நாள் பாத்துட்டு ஆரம்பிக்கற மாதிரி எழுதித் தர்றீங்களா சார்?" கேட்பதில் தப்பே இல்லை.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் "சீட்டுதான் இருக்கே, வாங்கிக் குடுத்துடு" என்று முதல் நாளே வாங்கிவிடுவார்கள். அப்படி நடக்கும் வீடு என்றால் பேசாமல் டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி போய்ப் பார்ப்பதே மேல்.

தொடங்கினால் முழுசாக

ஆன்டிபயாடிக் தேவை என்று முடிவானால் அரைகுறையாகக் கொடுப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது ஒரு பாட்டிலோடு நிறுத்துவது. கணக்கைப் பாருங்கள். அமாக்ஸிசிலினுக்கு இந்தத் தொற்றில் சொல்லப்படும் அளவு, ஒரு நாளைக்கு எடை ஒரு கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. இரண்டரை வயது, 12 கிலோ பிள்ளை என்றால் ஒரு நாளைக்கு 960 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள 30 மி.லி. பாட்டிலில் மொத்தமே 750 மி.கி.தான் இருக்கிறது. ஒரு நாளைக்கே பத்தாது! 250 மி.கி. பாட்டில் ஒன்றரை நாள் வரும். ஏழு நாளைக்கு அந்த மாதிரி ஐந்து பாட்டில் வேண்டும். ஒரு பாட்டில் வாங்கி, காலை, ராத்திரி அரை மூடி என்று வாரம் முழுக்க ஓட்டினால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு எத்தனை மி.லி., எத்தனை நாள், அதற்கு மொத்தம் எத்தனை பாட்டில் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பிள்ளைக்குப் பிள்ளை, மருந்துக்கு மருந்து இது மாறும்.

நாள் கணக்கும் வயதைப் பொறுத்தது. அமெரிக்க நெறியில் 2 வயதுக்குக் கீழே 10 நாள், 2 முதல் 5 வயது வரை லேசான தொற்றுக்கு 7 நாள், அதற்கு மேல் 5 முதல் 7 நாள். சின்னக் குழந்தைக்குச் சுருக்கலாமா என்று 2016-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் பார்த்தார்கள். 6 மாதம் முதல் 23 மாதம் வரை உள்ள பிள்ளைகளில் 10 நாள் கொடுத்தபோது 16 சதவீதத்தினருக்குக் குணமாகாமல் போனது. 5 நாளில் நிறுத்தியபோது அது 34 சதவீதம். வலி மூன்றாம் நாளே போய்விட்டது என்று நிறுத்த நினைக்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிரப் தூளைக் கொதித்து ஆறிய தண்ணீரில், பாட்டிலில் உள்ள கோடு வரை கலக்க வேண்டும். முதலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு மீதியை ஊற்றினால்தான் கோடு சரியாக வரும். ஒவ்வொரு தடவையும் குலுக்கி, ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் ஃபிரிட்ஜில். மழையில் கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், அல்லது ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீரில் கரையும் மாத்திரை நல்ல மாற்று. வேளைக்கு வேளை கரைத்துக் கொடுக்கலாம், அளவும் தப்பாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், இலவசம். சங்கிலோ பாலாடையிலோ புகட்டினால் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கன்னத்தின் உட்பக்கமாக விடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து மூக்கைப் பிடித்துப் புகட்டுவது வேண்டவே வேண்டாம், புரையேறிவிடும்.

லேசான வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கொடுத்து டாக்டரைக் கேளுங்கள். உடம்பெல்லாம் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சீழ் வடிந்தால்

ராத்திரி முழுக்க அழுத பிள்ளை விடியற்காலையில் சட்டென்று அடங்கித் தூங்கும். காலையில் தலையணையில் மஞ்சளாக, லேசான ரத்தக்கறையோடு ஈரம் இருக்கும். செவிப்பறை அழுத்தம் தாங்காமல் சிறிதாகக் கிழிந்து சீழ் வெளியேறியிருக்கிறது. அதனால்தான் வலி விட்டது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் இனி பொறுத்துப் பார்ப்பது இல்லை, அன்றைக்கே டாக்டரிடம்.

காதைக் காயவைப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து, திரி போல முறுக்கி, கூர்முனையைக் காதுக்குள் மெதுவாக வைக்க வேண்டும். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி, காய்ந்து வரும் வரை. ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படி. பட்ஸ், தீக்குச்சி, ஹேர்பின், கோழி இறகு எதுவும் கூடாது. பஞ்சை அடைத்தும் வைக்காதீர்கள், உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். குளிக்கும்போது மட்டும் வாஸ்லின் தடவிய பஞ்சை வாயிலில் வைத்துப் பிறகு எடுத்துவிடலாம். ஆறும் வரை வாய்க்கால் குளியல் கிடையாது.

14 நாள் தாண்டியும் வடிந்தால் அது வேறு வியாதியாகிவிட்டது. அதற்கு வாய்வழி ஆன்டிபயாடிக்கை நீட்டிக்கொண்டே போவதில் பலன் குறைவு. திரி வைத்து உலர்த்தி, டாக்டர் தரும் குயினலோன் என்ற ஆன்டிபயாடிக் வகைச் சொட்டை விடுவதே முறை. காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

ஒப்பீட்டுக்கே இடமில்லாதவை

காதின் பின்னால் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால் எலும்புக்குத் தொற்று பரவியிருக்கிறது என்று அர்த்தம். இது தெரிந்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், கழுத்து விறைத்தால், பிள்ளை துவண்டு கிடந்தால், நடக்கும்போது தள்ளாடினால், வலிப்பு வந்தால், பால்கூடக் குடிக்க மாட்டேன் என்றால் 108-க்குப் போன் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வலி போன பிறகு

வலி போனதும் காது சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். சீழ் ஆறினாலும் நடுக்காதில் நீர் கொஞ்ச நாள் தங்கும்; ஒரு மாதம் கழித்தும் பத்தில் நாலு பிள்ளைக்கு இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், டிவி சத்தத்தைக் கூட்டுவான், டீச்சர் "சொன்னதைக் கவனிக்க மாட்டேங்கறான்" என்பார். பிள்ளையைத் திட்டாதீர்கள், நிஜமாகவே கேட்கவில்லை. இந்த நீருக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். மூன்று மாதம் ஆகியும் போகவில்லை என்றால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழு காது கேட்பதையும் பார்க்கும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போடவைக்காமல் அனுப்பி, காதுத் தொற்று வந்ததைச் சீட்டில் எழுதிக் கொடுத்து விடுங்கள்.

ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது வருஷத்தில் நாலு தடவை வந்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டர். வராமல் இருக்க என்று தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்து வைக்கும் முறையை இப்போது பரிந்துரைப்பதில்லை. அதைவிட வீட்டில் செய்ய முடிந்தவை உண்டு. நிமோகாக்கஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு மையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது: ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம். ஒன்பதாம் மாத ஊசியைத்தான் பலர் மறக்கிறார்கள். அட்டையை எடுத்து ஒரு தடவை பாருங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பால் புட்டியை வாயில் வைத்துப் படுக்கவைக்க வேண்டாம். பிள்ளை இருக்கும் அறையில் பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை வேண்டாம், குளித்த தலைக்குச் சாம்பிராணி போடுவதையும் சளி இருக்கும் நாளில் நிறுத்தி வையுங்கள்.